விலகிய தேதி

2023 ஜூன் மாதத்தில் ஒரு மதியம். சேலம் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருக்கும் என் சின்ன அலுவலகத்துக்கு ஒரு பெண்மணி மூச்சு வாங்க ஏறி வந்தார். கையில் ஜவுளிக் கடை மஞ்சள் பை. ஆதார், பான் கார்டு, வங்கிப் புத்தகம், இரண்டு மில்களின் அடையாள அட்டைகள் என எல்லாவற்றையும் ஒரே ரப்பர் பேண்டில் கட்டி வைத்திருந்தார். உட்காரச் சொன்னேன். நின்றபடியே கேட்டார்.

"மேடம், நான் என்ன லட்சக்கணக்கிலா சம்பாதிக்கிறேன்? என் பணத்தில் எதற்கு வரி பிடித்தார்கள்?"

அவர் பி.எஃப். கணக்கில் இருந்தது 62,200 ரூபாய். வங்கிக்கு வந்ததோ 55,980. நடுவில் 6,220 ரூபாய் காணவில்லை. மகனின் பாலிடெக்னிக் கட்டணத்துக்காக எடுத்த பணம் அது. குறைந்துபோன தொகைக்கு யாரிடமோ வட்டிக்கு வாங்கியிருந்தார். நூற்பாலையில் ஸ்பின்னிங் பிரிவில் நின்றுகொண்டே எட்டு மணி நேரம் வேலை செய்கிறவர். அவருக்கு 6,220 ரூபாய் என்பது பாதி மாதச் சம்பளம்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு மில்லின் டைம் ஆபீஸில் வேலை பார்த்தேன். வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் என் மேஜையில்தான் நடந்தன. அதை விட்டு வந்த பிறகு, தனியாக ஆள் வைத்துக்கொள்ள முடியாத சின்ன நிறுவனங்களுக்கு இதே வேலையைச் செய்துகொடுக்கிறேன். கொண்டலாம்பட்டிப் பக்கம் சில தறிக் கூடங்கள், ஆத்தூர் சாலையில் ஜவ்வரிசி ஆலைகள், ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டம். ஆனாலும் என்னைத் தேடி மாடி ஏறுகிறவர்களில் பாதிப் பேர் முதலாளிகள் இல்லை. இந்த அம்மாவைப் போன்றவர்கள்தான்.

அவர் கேள்விக்குப் பதில் எளிது. ஐந்து ஆண்டு தொடர் பணி முடியாமல் பி.எஃப். பணத்தை எடுத்தால், அந்தத் தொகை 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். 2015 ஜூன் முதல் இந்தப் பிடித்தம் நடக்கிறது. பான் எண் இணைக்காதவர்களுக்கு இன்னும் மோசம்: 2023 ஏப்ரல் முதல் 20 சதவீதம், அதற்கு முன்னால் 34 சதவீதத்துக்கும் மேல். ஆண்டு வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருக்கிறவர்கள் அப்போது 15ஜி படிவத்தைச் சேர்த்து விண்ணப்பித்தால் பிடிக்க மாட்டார்கள். இவருக்கு விண்ணப்பம் போட்டுக்கொடுத்த கணினி மையத்துப் பையனுக்கு அந்தப் படிவம் தெரியவில்லை.

ஆனால் என்னை உறுத்தியது வேறு. அந்த அம்மா உண்மையில் ஐந்தரை ஆண்டுகள் வேலை செய்திருக்கிறார். முதல் மில்லில் 2020 மார்ச் வரை மூன்று ஆண்டு. ஊரடங்கில் அந்த மில் நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் அடுத்த மில்லில் சேர்ந்து 2023 பிப்ரவரி வரை இரண்டரை ஆண்டு. பழைய கணக்கைப் புதிய கணக்குக்கு மாற்றியிருந்தால், முந்தைய மில்லில் செய்த பணியும் சேர்ந்து ஐந்து ஆண்டைத் தாண்டியிருக்கும். வரி என்ற பேச்சே வந்திருக்காது, 15ஜி கூடத் தேவைப்பட்டிருக்காது. காகிதத்தில் அவர் இரண்டரை ஆண்டு வேலை செய்த ஒரு புது ஆள். முதல் மூன்று ஆண்டு வேறு ஒரு எண்ணில், வேறு ஒருவருடையது போல அநாதையாகக் கிடந்தது.

எங்கே பிசகியது என்று தேடினேன். வேலையில் சேரும்போது ஒவ்வொருவரும் கொடுக்க வேண்டிய உறுதிமொழி ஒன்று இருக்கிறது, படிவம் 11. அதில் ஒரு கேள்வி: முன்பு பி.எஃப். உறுப்பினராக இருந்தீர்களா? இரண்டாவது மில்லில் 'இல்லை' என்று எழுதியிருந்தார்கள். அந்த எழுத்து அம்மாவுடையது இல்லை, கையெழுத்து மட்டும்தான் அவருடையது. ஒரே காலையில் பத்துப் பதினைந்து பேர் சேர வருவார்கள், ஷிப்ட் மணி அடிக்கும், மேஸ்திரி கதவருகே நின்று ஆளை உள்ளே அனுப்பச் சொல்லிக் கத்துவார். யாரையும் கேட்காமல் எல்லாப் படிவத்திலும் 'இல்லை' போட்டால் வேலை சீக்கிரம் முடியும். இதை நான் அறிவேன், அந்த மேஜையில் நானே உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு சொல்லால் புதிய யு.ஏ.என்., அதாவது புதிய பி.எஃப். உறுப்பினர் எண், உருவாகிவிடுகிறது. ஒரு தொழிலாளிக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே எண் இருக்க வேண்டும் என்றுதான் 2014-இல் யு.ஏ.என். முறையையே கொண்டுவந்தார்கள்.

போன பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டு, பொறுமைதான் வேண்டும். பணம் எடுத்தது 2023 மே மாதம் என்பதால், அந்த நிதியாண்டு முடிந்த பிறகுதான் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய முடியும். அம்மா ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார். 2024 ஜூலையில் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் ஆடிட்டர் நண்பர் ஒருவரைக் கொண்டு தாக்கல் செய்தோம், அவர் கட்டணம் வாங்கவில்லை. சில வாரங்களில் பணம் வந்துவிட்டது. அதற்குள் அந்த அம்மா கொடுத்து முடித்திருந்த வட்டியை யாரும் திருப்பித் தரப் போவதில்லை.

அதைவிடப் பெரிய வேலை, முதல் மில் கணக்கை மீட்பது. திறந்து பார்த்தால் 'விலகிய தேதி' என்ற கட்டம் காலியாக இருக்கிறது. அது நிரம்பாமல் கணக்கை மாற்ற முடியாது. கடைசி பி.எஃப். சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனால் உறுப்பினரே இணையத்தில் அந்தத் தேதியைப் பதியலாம். ஆனால் ஆதார் இணைந்திருக்க வேண்டும். இவருடைய பழைய கணக்கில் பெயருக்கு முன்னால் கணவரின் எழுத்து, ஆதாரில் அப்பாவின் எழுத்து, ஆகவே இணையவில்லை. பெயரைத் திருத்த மில்லும் தொழிலாளியும் சேர்ந்து கூட்டு உறுதிமொழி கொடுக்க வேண்டும். ஓமலூர்ப் பக்கம் இருக்கும் அந்த மில்லுக்கு நாங்கள் இருவரும் மூன்று முறை பஸ் ஏறினோம். இரண்டு முறை கணக்கர் விடுப்பு. மூன்றாவது முறை அவர் இருந்தார், பத்து நிமிடத்தில் செய்துகொடுத்தார். பத்து நிமிட வேலை, மூன்று நாள் கூலி.

இப்போது அந்த அம்மா மூன்றாவது மில்லில் இருக்கிறார். முதல் மூன்று ஆண்டுகள் அங்கே வந்து சேர்ந்துவிட்டன. நடுவில் எடுத்துவிட்ட பி.எஃப். பணத்தை இனி ஒட்ட முடியாது. முதலாளி கட்டும் சந்தாவில் பென்ஷனுக்குப் போகும் பங்கை மட்டும் அவர் எடுக்காமல் விட்டிருந்தார், அந்த ஆண்டுகளாவது பென்ஷன் கணக்கில் உயிரோடு இருக்கின்றன.

பென்ஷன் என்று சொல்லும்போது எனக்கு ஒருவர் முகம்தான் வரும்.

அவர் எங்கள் மில்லில் 2000 ஜனவரியில் சேர்ந்தார், பஞ்சைச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமில் வேலை. 2009 ஏப்ரலில் மகள் கல்யாணத்துக்காகக் கணக்கை முடிக்க வந்தார். அந்தக் காலத்தில் எல்லாம் காகிதம். ராஜினாமாக் கடிதம் வாங்கும்போதே 19-ஆம் படிவம், 10சி படிவம் இரண்டிலும் கையெழுத்து வாங்கிவிடுவேன். ஒன்று பி.எஃப். பணத்துக்கு, இன்னொன்று பென்ஷன் பங்குக்கு. ஆட்களை அலைய விடாமல் சீக்கிரம் பணம் வாங்கிக்கொடுப்பதுதான் நான் செய்யக்கூடிய நல்லது என்று நம்பினேன். என் மேஜையில் காகிதம் தேங்காது என்று மில் முழுக்கப் பேர் இருந்தது.

அவருடைய பணிக்காலம் ஒன்பது ஆண்டு நான்கு மாதம்.

1995 நவம்பர் 16-இல் வந்த பென்ஷன் திட்டத்தில் பத்து ஆண்டு பணி இருந்தால் 58 வயதில் மாதப் பென்ஷன் உண்டு. ஆறு மாதமும் அதற்கு மேலும் உள்ள மிச்சத்தை ஒரு முழு ஆண்டாக எடுத்துக்கொள்வார்கள். அதாவது ஒன்பதரை ஆண்டு இருந்தாலே போதும். அவருக்கு இரண்டு மாதம்தான் குறைவாக இருந்தது. அதுகூட வேண்டாம். 10சி படிவத்திலேயே இரண்டு வழிகள் உண்டு: பணமாக வாங்கிக்கொள்ளலாம், அல்லது திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த மில்லில் கொடுத்துப் பழைய ஆண்டுகளைத் தொடரலாம். நான் அவரிடம் அதைச் சொல்லவில்லை. எல்லாருக்கும் போடுவது போல 'பணம்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அதற்குப் பிறகு அவர் வேறொரு மில்லில் ஆறு ஆண்டு இருந்தார், அங்கேயும் என்னைப் போல ஒருவர் அதே கட்டத்தில் டிக் போட்டிருக்கிறார். சேர்த்தால் பதினைந்து ஆண்டுக்கு மேல். கையில் பென்ஷன் ஏதும் இல்லை.

இப்போது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. தாதகாப்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரவுக் காவல். 2014 செப்டம்பரிலிருந்து குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ரூபாய் போதாது என்று நாடு முழுக்கப் பென்ஷன்காரர்கள் போராடுகிறார்கள், அந்தக் கோரிக்கை நியாயமானது. ஆனாலும் மாதா மாதம் வரும் ஆயிரம் ரூபாயில் அந்த வீட்டில் ஒரு சிலிண்டர் வாங்கலாம், மாத்திரை வாங்கலாம். அவருக்குப் பின் மனைவிக்கும் பென்ஷன் தொடர்ந்திருக்கும். ஒரு நாள் அந்த மண்டபத்துக்குக் கல்யாணத்துக்குப் போனபோது அவரைப் பார்த்துப் பேசினேன், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அன்றைக்கு அந்தப் பணம் இல்லாமல் கல்யாணம் நடந்திருக்காது அம்மிணி" என்றார். அவர் பெருந்தன்மை அது. கல்யாணத்துக்கு பி.எஃப். பணம் இருந்தது, பென்ஷன் பங்கைத் தொடாமலேயே நடத்தியிருக்கலாம். ஒருவேளை அதுவும் தேவைப்பட்டே இருந்தாலும், இரண்டு வழியையும் கேட்டுவிட்டு அவர் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து யாராவது கணக்கை முடிக்க வந்தால் முதலில் சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கழிக்கிறேன். ஒன்பது ஆண்டை நெருங்கியவர்களை அனுப்பாமல் உட்கார வைத்து டீ வாங்கிக்கொடுத்துப் பேசுகிறேன்.

பணிக்கொடையிலும் தேதிதான் எல்லாம். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து ஆண்டு பணி கேட்டது. நான்கு ஆண்டு பத்து மாதத்தில் ஆளை அனுப்புகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. நம் மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயரோடு வரும் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதையும் முழு ஆண்டாகக் கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. கணக்கர்கள் இதை முதலாளியிடம் எடுத்துச் சொல்லத் தயங்கக் கூடாது. நான் சொல்லியிருக்கிறேன். ஒரு முறை வேலையே போனது, போகட்டும்.

முதலாளிகள் பக்கத்துக்கு வருகிறேன். அவர்களுக்கு முக்கியமான தேதி பதினைந்து. ஒரு மாதச் சம்பளத்துக்கான சந்தா அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பது 12 சதவீதம், முதலாளி தன் பங்காகப் போடுவது 12 சதவீதம். முதலாளி பங்கில் 8.33 சதவீதம் பென்ஷனுக்கும் மீதி 3.67 சதவீதம் பி.எஃப். கணக்குக்கும் போகும்.

ஆத்தூர் சாலையில் ஓர் ஆலை. உரிமையாளர் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஏழாம் தேதி சம்பளம் தவறாது. ஜவ்வரிசி வாங்கிய வியாபாரிகள் பணம் தரத் தாமதித்தால் பி.எஃப். சலானை மட்டும் தள்ளிவைப்பார். "நாலு நாள்தானே, வட்டியோடு கட்டிவிடலாம்" என்பார். எனக்கு முன்னால் அந்தக் கணக்கைப் பார்த்தவரும் சரி என்று விட்டிருந்தார். ஒரே ஆண்டில் ஐந்து மாதம் இப்படித் தாமதமாகியிருந்தது. தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி, அதற்கு மேல் அபராதம். 2024 ஜூனிலிருந்து அபராதம் மாதத்துக்கு 1 சதவீதம். இவ்வளவுதான் என்று அவர் நினைத்திருந்தார்.

பிறகு பெங்களூரிலிருந்து வருமான வரி மையத்தின் அறிவிப்பு வந்தது. தொழிலாளியிடம் பிடித்த பங்கைக் கெடு தேதிக்குள் கட்டாவிட்டால், அன்றைய விதிப்படி அது முதலாளியின் வருமானமாகவே கருதப்பட்டது. பிறகு கட்டினாலும் செலவாகக் கழிக்க முடியவில்லை. முன்பு இதில் உயர் நீதிமன்றங்கள் வெவ்வேறு விதமாகத் தீர்ப்புச் சொல்லிவந்தன. 2021 நிதிச் சட்டம் தெளிவுபடுத்தியது. 2022 அக்டோபர் 12 அன்று செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வாதத்தை முடித்துவைத்தது. ஆலையில் 42 பேர், ஒருவருக்கு மாதம் 1,440 ரூபாய் பிடித்தம், ஐந்து மாதம்: 3,02,400 ரூபாய். பங்குதாரர் நிறுவனத்துக்கு வரி 30 சதவீதம், அந்த வரியின் மேல் 4 சதவீதம் செஸ். நான்கு நாள் தாமதங்களுக்காக அவர் கட்டியது 94,000 ரூபாய்க்கு மேல். மறைக்கவும் முடியாது; தணிக்கை அறிக்கையில் ஒவ்வொரு மாதத்துக்கும் கெடு தேதி எது, கட்டிய தேதி எது என்று இரண்டையும் எழுதியாக வேண்டும்.

அவர் என்னிடம் கோபத்தோடு கேட்டார்: "என் பங்கைத் தாமதமாகக் கட்டினால் விட்டுவிடுகிறார்கள், தொழிலாளி பங்குக்கு மட்டும் ஏன் இந்தக் கொடுமை?" உண்மைதான், முதலாளியின் பங்கை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் கட்டிவிட்டால் கழித்துக்கொள்ளலாம். ஏனென்றால் அது அவர் கொடுக்க வேண்டிய கடன். பிடித்த பங்கோ அடுத்தவர் பணம், இவர் கையில் நம்பிக் கொடுக்கப்பட்டது. கோயில் உண்டியல் சாவியை வைத்திருப்பவர் அவசரத்துக்கு எடுத்துப் பிறகு போட்டுவிடுவேன் என்று சொன்னால் ஊர் ஒப்புக்கொள்ளுமா என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். இப்போது அந்த ஆலையில் சம்பளம் போடும் அன்றே சந்தாவுக்கும் பணம் ஒதுக்குகிறார்கள். பத்தாம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும் என்பது என் கணக்கு. ஜனவரியில் மட்டும் இன்னும் முன்னால்; 15 என்பது பொங்கல் விடுமுறைக்குள் விழுந்துவிடும், அன்று ஆலையிலும் ஆள் இருக்க மாட்டார்கள், என் வீட்டிலும் அடுப்பை விட்டு நான் நகர முடியாது.

டிசம்பரில் ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் காலை பஸ்ஸில் கடந்து தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது பனி விலகியிருக்காது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த காப்பி இன்றைக்கும் இந்த மலைக்குச் சோறு போடுகிறது. பழம் பறிக்கும் மாதங்களில்தான் எல்லாத் தொழிலாளர்களையும் ஒரே இடத்தில் பார்க்க முடியும். களத்தில் கொட்டை காயும், பழத்தோல் புளித்த வாசம் அலுவலக அறை வரை வரும். நான் அங்கே போவது வாரிசு நியமனத்துக்காக.

அதற்கு ஆதாரோடு இணைந்த செல்பேசிக்கு ஓ.டி.பி. வர வேண்டும். தோட்டத்தில் சிக்னல் கிடையாது, மேல் வளைவு வரை நடக்க வேண்டும். அதைவிடச் சிரமம், பல பெண்களின் ஆதாரில் இருப்பது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனின் எண். வளைவில் நின்று அவனை அழைத்து, அவன் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஆறு எண்களைச் சொல்ல, நான் அடிக்க வேண்டும். ஒரு நாளில் பன்னிரண்டு பேரை முடித்தால் அது நல்ல நாள்.

இவ்வளவு பாடுபட ஒரு காரணம் இருக்கிறது. அந்தத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய ஓர் இளைஞர், கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவின் பெயரை நியமித்திருந்தார். குடும்பம் ஏற்பட்டதும் பழைய நியமனம் தானாகவே செல்லாமல் போகும் என்பது விதி. அவருக்கு அது தெரியாது, யாரும் சொல்லவில்லை. மலைப் பாதையில் விபத்தில் இறந்துவிட்டார். பி.எஃப். பணமும், பென்ஷனும், தொழிலாளியிடம் ஒரு பைசாகூடப் பிடிக்காமல் முதலாளி மட்டும் சந்தா கட்டும் காப்பீட்டுப் பணமும் அந்த வீட்டுக்குச் சேர வேண்டும். ஓராண்டு பணி முடித்தவர் இறந்தால் காப்பீடு குறைந்தது இரண்டரை லட்சம், அதிகபட்சம் ஏழு லட்சம். ஒரே வீட்டில் இருந்த மாமியாரும் மருமகளும் கைக்குழந்தையோடு வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகப் படியில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். பணம் கைக்கு வர ஒன்பது மாதம். அதிலிருந்து கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிற பையன்களிடம், பத்திரிகையை வாங்கும்போதே ஆதாரையும் கேட்டுவிடுகிறேன்.

போன வாரம் அந்த மண்டபக் காவல்காரர் மாடி ஏறி வந்தார். இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தார், கண் சிவந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து மகனின் ஆதார் நகலை எடுத்து மேஜையில் வைத்தார். "பையன் மூன்று மில் மாறிவிட்டான் அம்மிணி. மூன்று கணக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்."

பார்த்தேன். இரண்டு கணக்குகள் சேர்ந்திருக்கின்றன. முதல் மில்லில் நான்கு ஆண்டு, விலகிய தேதி காலி. அதுவும் ஓமலூர்ப் பக்கம்தான். வரும் திங்கட்கிழமை அந்தப் பையனுக்கு வார விடுமுறை, எட்டரை மணி பஸ்ஸுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.